சங்கிலியில் சிக்காத கிரயம்

சென்னையிலிருந்து தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் செல்லுகிறவர்கள், செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சிறுசேரி என்னும் கிராமத்தை அடைகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பெயரைச் சுற்றுவட்டாரத்தாரன்றி மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம். இன்று சிப்காட் அமைத்த கம்ப்யூட்டர்த் தொழிற்பேட்டையும், டாட்டா கம்பெனியின் பிரம்மாண்டமான அலுவலகமும், சென்னைக் கணிதக் கழகமும் அங்கே இருக்கின்றன. மாதவரத்திலிருந்து புறப்படும் மெட்ரோ ரயில் பாதைக்குச் சிறுசேரியே தென்கோடி என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள். உத்தியோகம் வந்த இடத்தில் வீடும் வருவது இயல்பு. ஆகவே, சாலையின் இரு புறங்களிலும் அடுக்கு மாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. அவற்றை வாங்குவதும் விற்பதும் ஓயாத வியாபாரமாகிவிட்டது.

இந்த வீடுகளை வாங்க வருகிறவர்கள் இரண்டு வகையினர். முதன்முதலாக ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராக விரும்பும் இளைஞர்கள் ஒரு வகை. கையிலுள்ள சேமிப்பையும் பாங்கிக் கடனையும் சேர்த்துக் கிரயம் முடித்துக்கொண்டு அவர்கள் போய்விடுகிறார்கள். மற்றொரு வகையினர், ஏற்கனவே வேறொரு இடத்தில் வீடுள்ளவர்கள். பிள்ளை சிறுசேரியில் வேலை பார்க்கிறான், அவன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மயிலாப்பூர் வீட்டை விற்க முன்வரும் பெற்றோர்களும், தாம்பரத்துச் சிறிய வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போக விரும்பும் குடும்பஸ்தர்களும் இந்த வகை. பழைய வீடு விற்ற பணம் வந்தால்தான் இவர்கள் புது வீட்டுக்குப் பணம் கொடுக்கமுடியும். இவர்களைப் பற்றித்தான் நாம் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு கிரயம் மற்றொரு கிரயத்தை நம்பி நிற்பதையும், அது மூன்றாவது ஒன்றை நம்பி நிற்பதையும் இங்கிலாந்தில் சங்கிலி என்றே அழைக்கிறார்கள். எவரையும் எதிர்பார்க்காமல் வாங்கவோ விற்கவோ கூடியவரைச் சங்கிலியற்றவர் என்று விளம்பரத்திலேயே குறிப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு அங்கே தனி மதிப்பு. நம்மிடத்தில் காரியம் இருக்கிறது. அதற்குப் பெயர்தான் இல்லை. பெயர் இல்லாததால், அக்ரிமெண்டு எழுதும்போது அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்லுவதுமில்லை.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தாம்பரத்துக்காரர் ஒருவர் சிறுசேரியில் 80 லட்ச ரூபாய் விலையுள்ள வீடொன்றைப் பேசி, 8 லட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் அக்ரிமெண்டு செய்துகொள்கிறார். தமது தாம்பரம் வீட்டைத் திருச்சிக்காரர் ஒருவருக்கு 60 லட்சத்துக்குப் பேசி, 2 லட்சம் முன்பணம் வாங்கி, அவர் கேட்டபடி ஆறு மாதக் கெடு கொடுக்கிறார். திருச்சிக்காரரோ ஊரிலுள்ள நஞ்சையை விற்றுத்தான் பணம் கொண்டுவரவேண்டும். சிறுசேரி வீட்டை விற்கிறவரும் சும்மா இருக்கவில்லை. வரப்போகும் 80 லட்சத்தை நம்பித் திருப்போரூர்ப் பக்கம் ஒரு மனைக்கு 10 லட்சம் கொடுத்துவிட்டார். இந்த நால்வரில் யாரும் அயோக்கியர் அல்ல. எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றவே நினைக்கிறார்கள். ஆனால், திருச்சிக்காரருடைய தம்பி நஞ்சையில் தமக்குள்ள பாகத்துக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவ்வளவுதான். ஊர்க்கோடியில் ஒரு சகோதரர் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்காகத் திருப்போரூர் மனையும், சிறுசேரி வீடும், தாம்பரம் வீடும் அந்தரத்தில் நிற்கின்றன.

இதில் நஷ்டம் எப்படிப் பங்காகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். காரியம் கெடக் காரணமாயிருந்த கண்ணியில் 2 லட்சம்தான் ஆபத்தில் இருக்கிறது. நடுவில் நிற்கிறவருக்கு 8 லட்சம். மேலே நிற்கிறவருக்கு 10 லட்சம். சங்கிலியில் மேலே போகப் போக, தன் செயலில்லாமலே நஷ்டமடையும் தொகை வளர்ந்துகொண்டு போகிறது. தாம்பரத்துக்காரர் மூன்று மாதத்தில் பணம் கொடுக்கக் கட்டுப்பட்டவர். அவருக்கு வரவேண்டிய பணத்துக்கோ ஆறு மாதத் தவணை. அக்ரிமெண்டு எழுதிய அன்றே இந்தத் தப்பு அதற்குள் உட்கார்ந்திருந்தது. எழுதிக் கொடுத்தவரும் சாட்சிகளும் தரகரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இங்கிலாந்திலும் சங்கிலி அறுபடுகிறது. அதைப் பற்றி அங்கே புலம்பாதவர்கள் இல்லை. ஆனால் அவர்களுடைய வழக்கத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. விலை பேசி முடிந்த பிறகும், வக்கீல்கள் ஒப்பந்தப் பத்திரங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வரையில், விற்கிறவரையோ வாங்குகிறவரையோ சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. சங்கிலியிலுள்ள எல்லோரும் தயாரான பிறகே பத்திரங்கள் மாறுகின்றன. நூற்றுக்குப் பத்து என்ற முன்பணம் பெரும்பாலும் அப்போதுதான் கைமாறுகிறது. கிரயங்கள் எல்லாம் ஒரே நாளில் பூர்த்தியாகின்றன. ஆகவே, அங்கே சங்கிலி அறுந்தால் சாதாரணமாக ஏற்படுவது ஏமாற்றமும் கொஞ்சம் செலவும். நமது வழக்கமோ நேர் எதிரிடையானது. விலை பேசியவுடனே முன்பணம், முன்பணம் கொடுத்தவுடனே அக்ரிமெண்டு. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி நாளில், தனித்தனிக் கெடுவில், மற்றக் கண்ணியை அறியாமலே பூட்டப்படுகிறது. அவர்களுடைய சங்கிலி கட்டுப்படுவதற்கு முன்னால் அறுகிறது; நம்முடையது கட்டுப்பட்ட பிறகு அறுகிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தையும் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தையும் வெள்ளைக்காரர்கள் நமக்குச் செய்து வைத்துவிட்டுப் போனார்கள். தங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கையெழுத்துப் போடும் வழக்கத்தை மட்டும் கப்பலிலேயே வைத்துக்கொண்டார்கள் போலும்!

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சிறிது விவரமாகவே பார்க்கலாம். பலர் இதில் மயங்கியிருக்கிறார்கள். அக்ரிமெண்டு மட்டும் செய்துகொண்டதால் வாங்குகிறவருக்குச் சொத்தில் எந்தப் பாத்தியமும் உண்டாவதில்லை என்று 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 54-வது பிரிவு சொல்லுகிறது. 55-வது பிரிவின்படி, கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் பேரில் அவருக்கு ஒரு பொறுப்புரிமை உண்டு. ஆனால், நியாயமின்றித் தாமே பின்வாங்கினால் அதுவும் போய்விடும். தமக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்பது, அக்ரிமெண்டில் எழுதியிருந்தாலன்றி, மேலே உள்ளவரிடம் சொல்லத்தக்க சமாதானமாகாது.

முன்பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமா? 1963-ல் டில்லியிலுள்ள ஒரு பங்களாவைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தீர்மானித்தது. வாங்குகிறவர் அச்சாரமாக 1,000 ரூபாயும் பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். அச்சாரமான ஆயிரத்தைத்தான் பறிமுதல் செய்யலாம், மற்றதை அபராதமாகப் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இதைக் கேட்டு ஆறுதலடைகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். இப்போதெல்லாம் கொடுக்கும் தொகை முழுவதையும் அச்சாரம் என்றே எழுதிவிடுகிறார்கள். எது அச்சாரம், எது விலையின் பகுதி என்று கோர்ட்டில் வாதாடித் தீர்ப்பு வாங்குவதற்குள் சிறுசேரியில் மெட்ரோ ரயில் ஓடி, பழையதாகியும் போய்விடும்.

காலக்கெடு விஷயத்திலும் இப்படியே. வீடு நிலம் பற்றிய ஒப்பந்தங்களில் கெடு முக்கியமல்ல என்பது நெடுநாளைய கொள்கை. மதுரையிலுள்ள ஒரு வீட்டின் சம்பந்தமான வழக்கில் 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு வேறு விதமாகப் பேசிற்று. 60,000 ரூபாய் விலைக்கு 5,000 ரூபாய் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் 1978-ல் ஏற்பட்ட அக்ரிமெண்டு அது. வாங்குகிறவர் இரண்டரை வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வழக்குப் போட்டார். நகரங்களில் விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், குறித்த கெடுவுக்கு அர்த்தமில்லை என்று சொல்லமுடியாது என்று கூறி, கோர்ட்டு அவருக்குக் கிரயத்தை மறுத்தது.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது 2018-ல் வந்த மாறுதல். அதற்கு முன்னால், ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கும்படி உத்தரவிடுவது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. ஒருவருக்கு மிதமிஞ்சிய கஷ்டம் விளையும் என்று கண்டால் மறுக்கலாம். 1963-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, அந்த விருப்பத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். தாம்பரத்துக்காரரின் நிலையை இப்போது மறுபடியும் பாருங்கள். சிறுசேரி வீடு கைதவறிப் போய்விட்டது. திருச்சிக்காரரோ, தம்பியைச் சமாதானப்படுத்தி, கெடு தீருவதற்குள் முழுப் பணத்துடன் வந்து நிற்கிறார். 'எனக்குப் போக இடமில்லை, விற்கமாட்டேன்' என்று தாம்பரத்துக்காரர் சொல்லமுடியாது. புது வீட்டுக்காகக் கொடுத்த பணத்தையும் விட்டு, இருந்த வீட்டையும் விட்டு அவர் வெளியேறவேண்டியதுதான். சங்கிலியில் சிக்கியவன் பணத்தை மாத்திரம் பந்தயம் வைக்கவில்லை. தலைக்குமேல் உள்ள கூரையையும் வைத்திருக்கிறான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமெண்டையும் கட்டாயமாக ரிஜிஸ்தர் செய்யவேண்டும். ஒரே வீட்டைப் பலருக்குப் பேசி முன்பணம் வாங்கும் மோசடியைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால், ரிஜிஸ்தரான அக்ரிமெண்டு வில்லங்கச் சான்றில் ஏறிவிடுகிறது. காரியம் கெட்டுப்போனபின், இரு தரப்பாரும் சேர்ந்து வந்து ரத்துப் பத்திரம் எழுதினாலன்றி, அடுத்தபடி வாங்க வருகிறவர் அதைப் பார்த்துப் பயந்து போய்விடுகிறார். முன்பணம் திரும்பி வராதவர் ரத்துக்குக் கையெழுத்திடுவாரா? வழக்குப் போட அவருக்கு மூன்று வருஷம் அவகாசமுண்டு. அத்தனை நாளும் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான்.

சங்கிலியில் சேராதவனுக்குள்ள பலம் இப்போது தானே விளங்கும். அவன் 'இன்ன தேதியில் முழுப் பணத்துடன் சார்பதிவாளர் ஆபீசுக்கு வருகிறேன்' என்று சொல்லக்கூடும். மற்றவன் 'என் வீடு விற்றவுடன்' என்றுதான் சொல்லமுடியும். விற்கிறவருக்கு அவசரமாயிருந்தால், தேதி சொல்லுகிறவனுக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் தயங்கமாட்டார். விற்பதிலும் அப்படியே. காலியான வீட்டை, வேறு வீடு தேடவேண்டிய நிர்ப்பந்தமில்லாமல் விற்கிறவன் நல்ல விலை வரும்வரையில் காத்திருக்கலாம். மேலே 8 லட்சம் கொடுத்துக் கெடுவை எண்ணிக்கொண்டிருப்பவன், கடைசி வாரத்தில் எவன் எந்த விலைக்குக் கேட்டாலும் தலையை ஆட்டவேண்டியிருக்கிறது. தரகர்களுக்கு இது தெரியும். கெடு எப்போது முடிகிறது என்று அவர்கள் முதலில் விசாரிப்பது அனுதாபத்தினால் அல்ல.

ஆகையால், முதலில் விற்பது, பணத்தைக் கையில் வாங்குவது, பிறகு வாங்குவது என்பதே நமது அபிப்பிராயம். இதற்கு வீட்டில் ஆட்சேபணை வரும் என்பதை அறிவோம். இடையில் வாடகை வீட்டுக்குப் போகவேண்டும், சாமான்களை இரண்டு தடவை மூட்டை கட்டவேண்டும், குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்னாவது என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். ஒரு வருஷத்து வாடகையும், இரண்டு லாரிச் சத்தமும், வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்சும் செலவுதான். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, அட்வான்சு மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்கிறது. 'வேறு விதமாக' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்தாலும் இந்தச் செலவை முன்கூட்டியே காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். சங்கிலி அறுந்தால் வரும் செலவை யாரும் கணக்கிட முடியாது.

வரிக்குப் பயந்து அவசரப்படுகிறவர்களும் உண்டு. பழைய வீட்டை விற்ற லாபத்தைக்கொண்டு வேறு வீடு வாங்கினால் வரிச் சலுகை உண்டு. விற்பதற்கு ஒரு வருஷம் முன்னாலோ, விற்றபின் இரண்டு வருஷத்துக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதானால் மூன்று வருஷம். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்த இந்த ஏற்பாட்டை 2025-ஆம் வருஷத்துப் புதுச் சட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால், 1988-ஆம் வருஷத்துத் திட்டப்படி பாங்கியில் தனிக் கணக்கில் பணத்தைப் போட்டு வைக்கலாம். சர்க்காரே இரண்டு வருஷம் பொறுக்கத் தயாராயிருக்கும்போது நாம் மூன்று மாதக் கெடுவில் ஏன் கழுத்தைக் கொடுக்கவேண்டும்?

விலை ஏறிவிடுமே என்பது மட்டும் லேசான ஆட்சேபணை அல்ல. மெட்ரோ ரயில் வரும் பாதையில் இன்று விற்று, அடுத்த வருஷம் வாங்கப் போகிறவன் ஏமாறக்கூடும். அந்த அபாயத்தை ஏற்கத் துணியாதவர்களுக்கு, பழைய வீட்டை ஈடாக வைத்துச் சில பாங்கிகள் இடைக்காலக் கடன் கொடுக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் வட்டி கட்டும் சக்தியுள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு அது பழைய சங்கிலிக்குப் பதிலாக ஒரு புதுச் சங்கிலி. எந்த வழியில் போனாலும், பத்திரச் செலவை மறந்துவிடக்கூடாது. 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இதையும் பழைய வீட்டின் பணத்திலிருந்தே எடுக்க எண்ணியிருப்பவருக்குக் கடைசி நாளில் கை வறண்டுபோகிறது.

பழைய வீட்டின் பேரில் கடன் பாக்கி இருந்தால், பாங்கியும் ஒரு கண்ணியாகிவிடுகிறது. கடனைத் தீர்த்தாலும் மூலப் பத்திரங்கள் திரும்பிவர மாதக்கணக்கில் ஆவதுண்டு. 2023 டிசம்பர் முதல், கடன் தீர்ந்த 30 நாளில் பத்திரங்களைக் கொடுத்தாகவேண்டும், தவறினால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே, கடனுள்ள வீட்டை விற்கிறவர் கெடுவில் அந்த 30 நாளையும் சேர்த்துக் கணக்கிடுவது நலம். கட்டி முடியாத வீட்டை வாங்குகிறவருக்கு இன்னொரு ஆபத்து. பழைய வீட்டை ஒப்படைத்துவிட்டு, கம்பெனி சாவி கொடுக்கும் நாளுக்காக வாடகை வீட்டில் தவம் கிடக்க நேரிடலாம். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தாமதத்துக்கு வட்டி வாங்க உரிமை தருகிறது. வட்டி வரும், வீடு வந்தபோதுதான் வரும்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. சங்கிலி கூடாது என்றால், வீட்டின் பூர்வீகப் பத்திரங்களின் தொடர்ச்சியையும் பார்க்கவேண்டாம் என்று அர்த்தமல்ல. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் குறையக்கூடாது. முக்கியமாகச் செங்கற்பட்டு ஜில்லாவில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. இந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் எழுதிய அறிக்கையின் பயனாகவே, 1892-ல் அவர்களுக்கு நிலம் வழங்க உத்தரவாயிற்று. அந்தப் பஞ்சமி நிலங்களைப் பிற வகுப்பார் வாங்கக்கூடாது என்பது நிபந்தனை. அது ஏழையின் காலில் மாட்டிய விலங்கு அல்ல; அவன் நிலத்துக்குப் போட்ட வேலி. வேலி தாண்டிப் போன நிலங்களை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் உயிரிழந்தார்கள். அத்தகைய நிலத்தில் எழுந்த வீட்டை, 'எந்தத் தொந்தரவும் இல்லை, ரொக்கம் கொடுத்தால் நாளைக்கே கிரயம்' என்று ஒருவர் கொண்டுவந்தால், அந்த அவசரமே சந்தேகத்துக்குரியது.

எல்லோரும் முதலில் விற்றுப் பிறகு வாங்குவது முடியாத காரியம். அவ்விதம் செய்ய முடியாதவர்களுக்காகப் பதிவுத் துறை ஒன்று செய்யலாம். மாதிரிப் பத்திரங்களைத் தன் இணையதளத்தில் அது வெளியிட்டிருக்கிறது. வேறொரு வீட்டின் கிரயத்தை நம்பி வாங்குகிறவர்களுக்கென்று ஒரு மாதிரி அக்ரிமெண்டையும் அதில் சேர்க்கவேண்டும். எந்தச் சொத்தின் கிரயத்தை எதிர்பார்த்து இந்த ஒப்பந்தம் செய்யப்படுகிறது என்பது அதில் முதலில் வரட்டும். அந்தக் கிரயம் இன்ன தேதிக்குள் நடவாவிட்டால் முன்பணத்தில் இவ்வளவுதான் போகும், மீதி இத்தனை நாளில் திரும்பும் என்பது அடுத்து வரட்டும். பணம் திரும்பிய அன்றே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட இரு தரப்பாரும் கடமைப்பட்டவர்கள் என்றும் எழுதட்டும். இப்படி எழுதச் சட்டத்தில் இன்றும் தடை கிடையாது. துறையின் மாதிரி வரும்வரையில், அக்ரிமெண்டு எழுதும் வக்கீல்களும் பத்திர எழுத்தர்களும் கட்சிக்காரரைப் பார்த்து, 'இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது?' என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்பார்களானால், தாம்பரத்துக்காரரின் மூன்று மாதக் கெடு அன்றைக்கே ஏழு மாதமாக மாறியிருக்கும்.